பூஜையில் வைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கல்கத்தாவில், பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கார்டன் ரீச்சில் எனக்கு ரயில்வே வேலை. கல்யாணமாகி இரண்டாவது வருடம். தஞ்சாவூரிலிருந்து என் மனைவி கொண்டுவந்த சீர் வரிசையில் என்னை மிரட்டியவை இரண்டு. ஒன்று அவளுடைய வீணை. பஸ்ஸில் ஏற்ற முடியாது, டாக்சியில் மடக்க முடியாது. இன்னொன்று மாமனார் கொடுத்த பெரிய வால்வு ரேடியோ. அதை நான் மட்டும்தான் தொடுவேன்.

கீழ் வீட்டில் இருந்தவர் ஒரு வங்காளி இளைஞர். கிடார்காரர். பார்க் ஸ்ட்ரீட் ரெஸ்டாரன்ட்களில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இவரைக் கூப்பிடுவார்கள். என்னை 'தாதா' என்பார், என் மனைவியை 'பௌதி' என்பார். அண்ணன், அண்ணி என்று அர்த்தம். எங்களுக்குள் ஓடியது பாதி இங்கிலீஷ், கால் ஹிந்தி, மீதி கையசைப்பு.

துர்கா பூஜையின் அஷ்டமி அன்று சாயங்காலம் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். பூஜைக்காக அவருடைய அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாராம். வாண்டுகளில் ஒன்று இந்தப் பெட்டி மேல் ஏறிக் குதித்துவிட்டதாம். பூஜை முடியும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார். எதற்கு இவ்வளவு பதற்றம் என்று நான் பார்த்ததைப் புரிந்துகொண்டு, பெட்டியைத் திறந்தார்.

கிடார் என்றால் வயிற்றில் ஓட்டையோடு இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது எலெக்ட்ரிக் கிடாராம், ஓட்டையே இல்லை. ஓரம் கறுத்து, நடுவில் தேன் நிறத்துக்கு வெளுத்து, மேலே இரண்டு கொம்பு நீட்டிய பலகை. பெயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். கிதிர்பூர் துறைமுகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் மாலுமியிடமிருந்து வாங்கியதாம். கல்கத்தா முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைப்பது கஷ்டம் என்றார். அதன் கதையையும் அவரே சொன்னார். ஐம்பதுகளில் கலிஃபோர்னியாவில், ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருவர் உருவாக்கியதாம். அவருக்குக் கிடார் வாசிக்கவே வராதாம். அதனால் வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டுக் குறை கேட்டிருக்கிறார். விலாவில் குத்துகிறது என்றார்கள், பின்பக்கத்தைச் செதுக்கினார். கையை அழுத்துகிறது என்றார்கள், முன் ஓரத்தைச் சரித்தார். சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்று கிடார்காரர் தன் மார்பில் வைத்துக் காட்டினார். ரேடியோக்காரர் என்றதும் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தந்திகளைத் தாங்கும் பாகத்தை வீணையில் குதிரை என்பார்கள். வீணையின் குதிரை அசையாது. இதில் குதிரையோடு ஒரு கம்பி செருகியிருந்தது. அதை அழுத்தினால் குதிரையே அசைந்து, ஆறு தந்தியும் சேர்ந்து இறங்கி ஏறின. அவள் நினைவு முழுக்க அந்தக் குதிரையிலேயே இருந்தது. அன்று ராத்திரி சப்பாத்தி கருகியது.

மறுநாள் நவமி. வங்காளிகளுக்குத் துர்கை, நமக்கு சரஸ்வதி பூஜை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கோலம், பட்டுத்துணி, என் ஆபீஸ் மேனுவல், அவளுடைய வீணை. வீணைக்குப் பக்கத்தில், பெட்டியிலிருந்து வெளியே வந்து, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துக்கொண்டு, தலையில் சாமந்திப்பூவோடு ஸ்ட்ராட்டோகாஸ்டர்.

கேட்காமல் எடுக்கலாமா என்றேன். இன்றைக்கென்று ஒரு வாத்தியம் வீடு தேடி வந்திருக்கிறது, அதைப் பெட்டியில் பூட்டி மூலையில் தள்ளவா என்றாள். அவருக்கும் பூஜை முடியும்வரை அது வேண்டாமே என்றும் சேர்த்துக்கொண்டாள். கற்பூரம் காட்டியாயிற்று. இனி விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. இதில் அவள் ரொம்பக் கறார். போன வருடம் இதே நாளில் பேப்பர் படித்ததற்கே எனக்குக் கிடைத்த திட்டு இன்னும் நினைவிருக்கிறது.

மதியம் மூன்று மணி இருக்கும். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கிடார்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறாராம். பெரிய ரெஸ்டாரன்ட் ஒன்றின் கிடார்காரருக்குக் காய்ச்சல். இன்று சாயங்காலம் இவர் வாசிக்க வேண்டும். முதலாளிக்குப் பிடித்துவிட்டால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்த இடம் அது.

சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குங்குமமும் பூவுமாய் வீணைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது அவருடைய பிழைப்பு. கோபப்படுவார் என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் நெற்றிக்குக் கொண்டுபோனார். வங்காளிகளுக்கு சரஸ்வதி பூஜை தை, மாசியில் வரும். அன்று அவர்களும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். அதனால் நாங்கள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வேறு யாரிடமாவது இரவல் கேட்டுப் பார்க்கிறேன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். நவமி சாயங்காலம் கல்கத்தாவில் எந்தக் கிடார்காரன் தன் கிடாரைக் கொடுப்பான்? அது அவருக்கும் தெரியும்.

என் மனைவி என்னிடம் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.  அவள் சரஸ்வதி படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"ஏங்க, அந்தப் படத்தைக் கொஞ்சம் பாருங்க. இன்னிக்கு நாம எல்லாரும் வாத்தியத்தைக் கீழ வச்சுட்டோம். அவ வச்சாளா? அவ வாசிச்சுக்கிட்டேதானே இருக்கா."

எத்தனையோ வருடமாகக் கும்பிடுகிற படம். எனக்கு அது தோன்றியதே இல்லை.

அவரைக் கூப்பிடச் சொன்னாள். எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் முதலில் இங்கே, சரஸ்வதி முன்னால் வாசித்துவிட்டுப் போகட்டும் என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் கண் கலங்கியது. ஆனால் கரண்ட் இல்லாமல் இது வெறும் கட்டைதான் என்றார். சொன்னவர் என் ரேடியோவைப் பார்த்தார். நான் மட்டுமே தொடுகிற அதை, நானே திருப்பி வைத்தேன்.

அந்த ரேடியோவின் முதுகில் கிராமபோன் சேர்ப்பதற்கு இரண்டு துளைகள் உண்டு. அவர் ஓடிப்போய், கிடாரை அதில் சேர்க்க ஒரு வயரைக் கொண்டுவந்தார். கிடாரின் மேல் சந்தனம் காய்ந்திருந்தது. பூவை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு அமர்ந்தார். அந்தச் செதுக்கிய பலகை அவர் விலாவோடு போய் ஒட்டிக்கொண்டது.

வால்வு சூடாகும்வரை காத்திருந்தோம். முதல் தந்தியை மீட்டினார்.

அதுவரை செய்தியும் சினிமாப் பாட்டும் மட்டுமே சொல்லத் தெரிந்த ரேடியோ அது. அதிலிருந்து இப்படி ஒரு நாதம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கணீரென்று ஆரம்பித்து, அடங்காமல் நீண்டுகொண்டே போனது. கிடாரில் குரலை மாற்றும் ஸ்விட்சுக்கு அதைச் செய்த கம்பெனி வைத்தது மூன்று நிலைதான். அவர் ஒரு தீக்குச்சியைச் செருகி அதை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தினார். உருவாக்கியவரே நினைக்காத குரல் அந்த இடுக்கில் இருக்கிறது, வாசித்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்றார். உண்மைதான். அந்தக் குரல் குழைந்தது.

வீணையைத் தொட முடியாத என் மனைவி, ஒரு ஸ்வரத்தை வாயால் இழுத்துப் பாடினாள். அவர் தந்தியை விரலால் தள்ளி அதைத் தொட்டார். அவள் தலையசைத்து, இன்னும் வளைத்துப் பாடினாள். அவர் அந்தக் கம்பியை உள்ளங்கையில் ஏந்தி, குதிரையை அசைத்து, அவள் நிறுத்திய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.  கீழ் வீட்டு வாண்டுகள் வாசலில் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தன. தெருப்பந்தலில் டாக் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேளச் சத்தம்கூட எங்கோ தள்ளிப்போன மாதிரி இருந்தது.

நேரமாகிறது என்று நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது. குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் போகலாமே என்றேன். வேண்டாம் என்று தலையசைத்து, பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் விஜயதசமி. நாங்கள் மறுபூஜைக்கு உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது. தூக்கமில்லாத கண்ணோடு அவர் நின்றிருந்தார், கையில் பெட்டி. வேலை கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் நேரே உள்ளே போய், கிடாரை வெளியே எடுத்து, வீணைக்குப் பக்கத்தில் முந்தின நாள் இருந்த அதே இடத்தில் படுக்க வைத்தார்.

"பௌதி, பூஜை பாக்கி இருக்கே. முடிச்சுட்டு உங்க கையாலயே குடுங்க," என்றார், அந்தப் பாதி இங்கிலீஷ் கால் ஹிந்தியில்.

அவரை யாரும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. என் மனைவி கற்பூரம் காட்டினாள். தீபாராதனை முடிந்து அவள் கிடாரை எடுத்துக் கொடுத்த பிறகுதான், அடுத்த வாரத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்தியே வந்தது. பிறகு அவள் வீணையை எடுத்தாள்.

இரண்டு வருடத்தில் எனக்கு மாற்றலாகிவிட்டது. கிளம்புகிற அன்று கடைசியாக அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்தேன். ஒரு திருகாணியின் பள்ளத்தில் துளி சிவப்பு இன்னும் இருந்தது. அவர் அதைத் துடைக்கவேயில்லை.

இப்போதும் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் வீணையைத் துணியில் வைக்கிறோம், எதையும் தொடுவதில்லை. ஆனால் கற்பூரம் காட்டும்போது என் கண் அந்தப் படத்தில், தந்தியின் மேல் இருக்கும் அந்த விரல்களுக்குத்தான் போகிறது. உடனே என் பழைய ரேடியோவிலிருந்து அந்த முதல் ஸ்வரம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.