உட்கார மறுத்த தாய்மாமன்

சாலவாக்கத்தில் டிராக்டர் ஓட்டும் கன்னியப்பன், எதிரில் ஒருவர் இருந்தால் எதையும் தனியாக வாயில் போடமாட்டார். கோயிலில் ஒரு பிடி சுண்டல் கிடைத்தால்கூட பஸ்ஸுக்கு நிற்பவருக்கு நாலு கடலை உண்டு. அப்பேர்ப்பட்ட தங்கமான மனிதரை விதி எங்கே தாக்கியது தெரியுமா? உட்காரும் இடத்தில்!

ரெக்சின் சீட், சித்திரை வெயில், நாள் முழுக்க வியர்வை. மயிர்க்கால்கள் சிவந்து, ஒவ்வொன்றின் தலையிலும் சீழ் வைத்துக்கொண்டது. சூடு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். அது இன்னும் பரவியது. வெட்கத்தை விட்டு டாக்டர் தேஜஸ்வினியிடம் போனார்.

"களிம்பு பத்தாது. இந்த மாத்திரையை வேளை தவறாம சாப்பிடுங்க. சரியாயிட்டுதுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

இரண்டு நாளில் வலி பாதியானது. மூன்றாம் நாள் டீக்கடையில் மாத்திரையைப் பிரித்தபோது கடைக்காரர் கோபால் எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா அது, செவப்பும் மஞ்சளுமா கீது?"

"ஆன்ட்டிபயாட்டிக். சீழெல்லாம் அடங்கிடும்."

"எனக்குக்கூட பல்லு பேஜார் பண்ணிக்கினே கீதுப்பா."

பாவம், அந்த மனசு கேட்குமா? கோபாலுக்கு இரண்டு கொடுத்தார். முட்டிவலிக்காரர் ஒருவர் கை நீட்டினார். ஒரு நோவுமே இல்லாத ஒருவர், ஏதாவது வந்தால் ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். டீ ஆறுவதற்குள் அட்டை காலி.

அடுத்த வாரமே கொப்புளங்கள் உறவினர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

அதே வாரம்தான் தங்கை கனகாவின் பெண் நிலானிக்குத் திருப்புலிவனம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். கனகாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இல்லாமல், ஐயோ, நெல் மூட்டைமேல் உட்காரவைத்தார்கள்! தன் பெண்ணுக்காவது ஒரு மடி வேண்டுமென்று கல்யாண நாளிலிருந்தே காத்திருந்தாள் அவள்.

காதுகுத்துக்கு நான்கு நாள் முன்பு கன்னியப்பன் சீர்ப்புடவையோடு தங்கை வீட்டுக்குப் போனார். நாற்காலி போட்டார்கள்.

"உக்காருண்ணா."

"பரவால்லம்மா."

"உக்காருண்ணா!"

"இருக்கட்டும்மா, நிக்கிறேன்."

சம்பந்தி வீட்டில் உட்கார மறுத்தால் என்ன அர்த்தம்? கனகாவின் முகம் வெளுத்தது. அவள் கணவன் மோகன் கைகூப்பினான்.

"மச்சான், நான் இன்னா தப்பு பண்ணேன்? சொல்லிட்டாவது போங்க."

அங்கே வந்திருந்த கன்னியப்பனின் பெரியப்பா மகன் செந்தமிழன் இதற்காகவே காத்திருந்ததுபோல் எழுந்தான். "அவனுக்கு இஷ்டமில்லன்னா வுடு கனகா. மடிதானே? எங்கிட்டயும் ஒண்ணு கீது. பட்டு வேட்டிகூட எடுத்துட்டேன்."

கனகா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எந்த அண்ணனால் அதைத் தாங்க முடியும்? மாமனார், மாமியார், நாத்தனார் எல்லோரும் பார்த்திருக்க, கன்னியப்பன் தன் மானத்தைத் தங்கைக்காகத் தியாகம் செய்தார்.

"கோவம் இல்லம்மா! பின்னாடி... சீழ்க் கொப்புளம்!"

நாத்தனார் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

கனகா அவரை அப்போதே பைக்கில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வழி முழுக்கப் பின்னால் நின்றபடியே போனார். மாத்திரையைப் பங்கு போட்ட கதையைக் கேட்டு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்க மாத்திரை உங்களுக்கு மட்டும்தாங்க. அது என்ன பிரசாதமா?"

புது மாத்திரைகளைக் கனகா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வேளை வந்ததும் அண்ணனை அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தி, எதிரில் யாரும் இல்லாமல் விழுங்கவைத்தாள்.

காதுகுத்து நாளில் முக்கால்வாசி ஆறியிருந்தது. மீதிக் கால்வாசியின்மேல் கன்னியப்பன் மெல்ல உட்கார்ந்தார். செந்தமிழன் பட்டு வேட்டியோடு பக்கத்திலேயே நின்றான். ஆசாரி ஊசியை அழுத்தியதும் நிலானி துள்ளினாள்.

"ஐயோ அம்மா!"

அலறியது மாமன். அந்த அலறலில் குழந்தை அழ மறந்து, மாமனின் முகத்தையே வாய்பிளந்து பார்த்தது. அந்த இடைவெளியில் ஆசாரி இன்னொரு காதையும் முடித்துவிட்டார்.

கனகா கண்ணீரும் சிரிப்புமாக அருகில் வந்தாள். "முடிஞ்சிச்சுண்ணா. எழுந்துக்கோ, சாப்பிடலாம்."

கன்னியப்பன் மருமகளை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"வேணாம்மா. எழுந்தா, பந்தியில மறுபடி உக்காரணும். இலையை இங்கயே கொண்டாந்துடு."