ஹாஜிராவின் தொழுகை இல்லாத நாட்கள்

அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, கூடத்தில் ஓதும் பிள்ளைகளின் பிழையைப் பிடிப்பாள் ஹாஜிரா. "யாரும்மா அது, மூக்கால இழுக்குறது? தொண்டையிலேர்ந்து கொண்டா." அந்தக் காது இருக்கிறதே, பொல்லாத காது! பாலக்கரையில் அவளிடம் குர்ஆன் ஓதாத பெண்பிள்ளைகள் குறைவு. யாரையும் அடிக்க மாட்டாள். கன்னத்தைக் கிள்ளி, கிள்ளிய விரலைத் தானே முத்திக்கொள்வாள்.

மாதத்தில் விலக்காகித் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் குர்ஆனைத் தொடமாட்டாள். பிள்ளைகளுக்கும் அப்போது லீவு. எல்லா வீட்டிலும் உள்ளதுதான், யாரும் கேட்பதில்லை.

ஐந்தாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று தாங்காது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்ன பிறகு, கணவர் குத்புதீனைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கர்ப்பம் தரிக்காமலிருக்க லூப் போட்டுக்கொண்டாள். ஊரெல்லாம் லூப், லூப் என்று பேச்சாக இருந்த வருஷம் அது. அதிலிருந்து உதிரம் கண்டபடி வந்தது. நின்றுவிட்டதென்று தலை முழுகினால் மறுநாளே கறை. முதல் சில மாதம் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழகினால் சரியாகிவிடும் என்று நர்ஸ் வியாகுலம்மாள் தைரியம் சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார்.

உடம்பு பழகட்டும், தொழுகை என்ன ஆவது? ஓதத் தெரிந்தவளே தவிர, இதற்கான சட்டத்தை அவள் கேட்டு வைத்ததில்லை. கறையைக் கண்டாலே தொழுகைப்பாயைச் சுருட்டிவிடுவாள். லீவு நீண்டுகொண்டே போக, பிள்ளைகள் வேறு வீட்டுக்கு ஓதப் போய்விட்டார்கள். மறுபடியும் முழுகாமல் இருக்கிறாளோ என்று தெருவில் பேச்சு வேறு. ரம்ஜான் நோன்பும் நெருங்கியது. வெறிச்சோடிய கூடத்தைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனாள், பாவம்.

"அதை எடுத்துடப் போறேங்க. உசிரு போனாலும் போகட்டும். தொழாம என்னால இருக்க முடியல."

குத்புதீன் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவர். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனுஷன். அவர் பள்ளிவாசலுக்குப் போய், வையம்பட்டியில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்கு என்று புளுகி, வேர்த்து விறுவிறுத்து ஹஜ்ரத்திடம் கேட்டே விட்டார். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. வழக்கமான நாட்களுக்கு மேல் வருவது நோய், ஒவ்வொரு வேளைக்கும் கை, முகம், கால் கழுவிப் புதிதாக ஒளுச் செய்துகொண்டு தொழலாம், ஓதலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தார்.

"நெசமாத்தானா?" என்றாள் ஹாஜிரா.

"ஆமா. அது இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நீ வேணும்."

அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பின்னாலேயே போய், கெண்டியில் தண்ணீர் மொண்டு அவரே ஊற்றினார். கை, முகமெல்லாம் ஆயிற்று. காலுக்கு வந்தபோது அவள் கூசிப்போய்ப் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். குத்புதீன் ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்து, அந்தக் கால் திரும்பி வரும்வரை கெண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார்.