விலையைத் திருத்திச் சொன்ன பிலோமினா

சோமனூரிலிருந்து கனகராஜ் அழைத்தபோது நான் கோவை காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். விசைத்தறி வைத்திருப்பவர். அவரோடு பேசி ஐந்தாறு ஆண்டுகளாவது இருக்கும். "ஏனுங்க, நம்ம ரேடியோ அம்மணி தவறிட்டாங்களாமா? உங்களுக்குச் சேதி வந்துதுங்களா?" என்றார். எனக்கு வரவில்லை. வானொலி நிலையத்துக்கும் அப்போது வந்திருக்கவில்லை. பிலோமினாவின் மகள் அம்மாவின் கைப்பேசியிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் சந்தைக்காரர்கள், தறிக்காரர்கள், பூ மண்டிக்காரர்கள் எல்லோரும் தாண்டிய பிறகுதான் நாங்கள் வந்தோம். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்த எனக்கு, அவர் இறந்த செய்தியை ஒரு நேயர் சொல்லித்தான் தெரிந்தது. பிலோமினாவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது.

அரசு வானொலியில் வணிகச் செய்தி என்று ஒன்று இருந்தது. தங்கம், வெள்ளி, பங்குச் சந்தைக் குறியீடு. நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பிலோமினா தற்காலிகச் செய்தியாளராக வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே, "இதை யாரு கேக்கறாங்கன்னு யாராச்சும் போய்ப் பாத்தீங்களா அண்ணா?" என்று என்னிடம் கேட்டார். யாரும் பார்த்ததில்லை. சத்தியமங்கலம் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் மல்லிகை பறித்த குடும்பம் அவருடையது. அன்றைக்குப் பூ என்ன விலை போயிற்று என்பது பறித்தவர்களுக்குக் கடைசியாகத்தான் தெரியும் என்று சொல்வார். அந்த நான்கு நிமிடத்தைக் கேட்டு வாங்கி, ஆறு மாதத்தில் பதினைந்து நிமிடமாக்கினார். பூ, மஞ்சள், வாழை, தேங்காய், நூல் எல்லாம் உள்ளே வந்தன. குறியீடு கடைசிக்குப் போயிற்று.

பட்ஜெட் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். நாங்கள் எல்லோரும் டெல்லியிலிருந்து வரும் உரையை மொழிபெயர்த்துக்கொண்டிருப்போம். அவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "லட்சம் கோடின்னு ஆரம்பிச்சா அவங்கவங்க எந்திரிச்சுச் சோலியப் பாக்கப் போயிருவாங்க. ஒரு கிலோ நூல் என்னாச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் கோடிக்குப் போலாம்" என்பது அவர் வாதம்.

நூல் விலை தாங்காமல் சோமனூரில் தறிகளை நிறுத்திய அன்று, அவர் கனகராஜின் தறிக்கூடத்துக்குப் போனார். தறிக்காரர் சங்கத்தின் தீர்மானத்தைப் படித்துக் காட்ட வந்தவர்களை, கொஞ்சம் பொறுங்கள் என்று ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தறிகள் ஓடும் சத்தத்தையும், அவை ஒவ்வொன்றாக நிற்பதையும், அதன் பின் ஒருவர் இருமியதையும் பதிவு செய்துகொண்டு வந்தார். அன்று நிகழ்ச்சி அப்படித்தான் தொடங்கியது. தறிச் சத்தம் நின்ற பிறகு அவர் பத்து விநாடி எதுவும் பேசவில்லை. ஒலிபரப்பு அறுந்துவிட்டதோ என்று கட்டுப்பாட்டு அறையில் பதறிப்போனார்கள். கனகராஜ் பிற்பாடு என்னிடம், "நாங்க மூணு வாரமாச் சொன்னது யாருக்கும் ஏறலீங்க. அம்மணி ஒண்ணும் பேசாம ஏத்திப்போட்டாங்க" என்றார்.

இவையெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மஞ்சள் வரத்து தொடங்கியிருந்த ஒரு மாசி மாதம். மாலை நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் இருந்தது. பிலோமினா ஒலிப்பதிவு ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். ஈரோட்டுச் சந்தையிலிருந்து விலை சொல்லத் தொலைபேசி வந்தது. நான் எடுத்தேன். இணைப்பில் ஒரே இரைச்சல். கேட்டதைத் தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை அப்படியே படித்தார்.

மூன்று நாள் கழித்துக் காலையில் வரவேற்பறையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் மாராத்தாள். பவானி ஆற்றுப் பக்கம் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். "மஞ்ச வெல சொல்றது யாருங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நான்தானுங்க" என்றார் பிலோமினா.

"ரேடியோல அந்த வெல சொன்னீங்க. கெவர்மெண்ட்டு ரேடியோ, சரியாத்தான் இருக்கும்னு டெம்போ புடிச்சு மூட்டைய ஏத்திப்போட்டேனுங்க. அங்க போனா அப்பிடி ஒரு வெலையே இல்லைங்கறாங்க. திருப்பிக் கொண்டாரவும் வண்டி வேணுமே. அவங்க கேட்ட வெலைக்குப் போட்டுட்டு வந்துட்டேன். எதுக்கு அப்பிடிச் சொன்னீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

பிலோமினா உள்ளே வந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தார். சந்தைக்குப் போன் செய்து விசாரித்தார். விலையில் இருநூறு என்று அவர்கள் சொன்னதை நான் எழுநூறு என்று எழுதியிருந்தேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போனார். "தப்பு எங்களோடதுங்க. நான் சரிபாக்காம படிச்சுட்டேன்" என்று மாராத்தாளிடம் அவர் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டது.

அப்போதைய நிலைய அதிகாரி, இனிமேல் சரியான விலையைச் சொன்னால் போதும், பழையதைக் கிளற வேண்டாம் என்றார். அரசு வானொலி தவறு செய்தது என்று அரசு வானொலியே எப்படிச் சொல்வது என்று கேட்டார். "அதை நம்பி வண்டி புடிச்சவங்களுக்கு அது தப்புன்னு தெரிய வேண்டாமுங்களா?" என்றார் பிலோமினா. அதிகாரி அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார். சம்மதிக்கவில்லை.

அன்று மாலை நேரடி ஒலிபரப்பில் அவர் தொடங்கியது இப்படித்தான்: "மூன்று நாள்களுக்கு முன் இந்த நிகழ்ச்சியில் சொன்ன மஞ்சள் விலை தவறு. அதைச் சரிபார்க்காமல் படித்தது பிலோமினாவாகிய நான். அதை நம்பி மஞ்சளைச் சந்தைக்குக் கொண்டுபோன எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." பிறகு அன்றைய விலைகளுக்குப் போனார். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதப் பணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தற்காலிகப் பணியாளர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நான் நிரந்தரப் பணியில் இருந்தவன். அதிகாரியின் அறை என் அறையிலிருந்து பன்னிரண்டு அடி தூரம். அவர் இல்லாத மூன்று மாதங்களில் ஒரு நாள்கூட நான் அந்தப் பன்னிரண்டு அடியை நடக்கவில்லை.

நடந்தவர் மாராத்தாள். ஊரிலிருந்து நான்கு பெண்களை அழைத்துக்கொண்டு திரும்பவும் வந்தார். "அந்த அம்மணி எங்கீங்க? வேற யாரோ வெல சொல்றாங்க" என்று அதிகாரியிடமே கேட்டார். அவர் ஏதோ நிர்வாகக் காரணம் சொன்னார். மாராத்தாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்புன்னு ஒத்துக்கிட்டவங்கள நிறுத்திப்போட்டா, இனி நாங்க யாரு சொல்றத நம்பறதுங்க?" என்றார். கடிதங்களும் அந்த வாரங்களில் நிறைய வந்தன. எதனால் என்று எனக்குத் தெரியாது, நான்காம் மாதம் பட்டியலில் பிலோமினாவின் பெயர் திரும்ப வந்தது. வந்தவர் என் எதிரே உட்கார்ந்து, "ஈரோட்டு நம்பர் மாறிடுச்சாமே, புது நம்பர் வாங்கினீங்களா அண்ணா?" என்றார். பிறகு பதினோரு ஆண்டுகள் அப்படியே வேலை செய்தோம். ஒரு நாள்கூட அவர் அதைக் குத்திக் காட்டியதில்லை.

நோய் முற்றிய பிறகு, இரண்டு மாதத்துக்கு முன், போத்தனூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மிகவும் மெலிந்திருந்தார். சத்தியமங்கலத்தில் அன்று மல்லிகை என்ன விலை என்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெல்ல, "அன்னைக்கு நான் பேசியிருக்கணும் பிலோமினா. நீங்க போன எடத்துலயெல்லாம் இதைச் சொல்லிடறேன், உங்க மேல தப்பில்லைன்னு" என்றேன்.

"என் மேலயும் தப்பு இருக்குதுங்க. படிக்கறதுக்கு முன்னாடி நான் ஒருக்காக் கேட்டிருக்கணும். அதை நான் அன்னைக்கே சொல்லிட்டேன். எனக்காக நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களோடதுன்னு இருந்தா, அதை உங்களுக்காகச் சொல்லிக்குங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். அங்கேயும் அவருடைய குரல்வளத்தையும் உழைப்பையும்தான் சொல்லிவிட்டு இறங்கினேன். இங்கே சொல்கிறேன். அந்த மாசி மாதம் ஈரோட்டு மஞ்சள் விலையைத் தவறாக எழுதியவன் நான். மூன்று மாதம் வேலை இழந்தவர் பிலோமினா. மாராத்தாளின் முகவரியைப் பழைய நேயர் கடிதங்களில் தேடி எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் பஸ் ஏறுகிறேன். பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: தவறைச் சொல்லும்போது தன் பெயரையும் சேர்த்துச் சொல்வது. அவர் அதை ஒரே மாலையில் செய்தார். எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.