குளிரில் விழும் பூட்டு

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் குளிரில் பூட்டு விழும். அப்பாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு. அம்மாவுக்கு விழாது. அவள் கன்னிவாடிக்காரி, வெயிலிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். காலைக் குளிரில் தண்ணீரைத் தொட்டால் எங்கள் விரல்கள் குவளையைப் பிடித்தபடியே நின்றுவிடும். சிரித்தால் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிடும். கண்ணை இறுக மூடினால் இமை உடனே திறக்காது. நாக்கு தடித்து வாய்க்குள் படுத்துக்கொள்ளும். நெருப்பருகே காத்திருந்தால் மெல்ல இளகும். "பூட்டு விழுந்துருச்சா? போயி அடுப்புக்கிட்ட உக்காரு" என்பாள் அம்மா, பால் பொங்கிவிட்டதா என்று கேட்கும் குரலில்.

இப்படிப்பட்ட வம்சம் வெயில் கொளுத்தும் ஊராகப் பார்த்துக் குடியிருக்க வேண்டாமா? அப்பா கொடைக்கானலில் வேலை தேடிக்கொண்டார். ஒரு பள்ளி விடுதியில் ஸ்டோர் கீப்பர். மேகம் ஜன்னல் வழியாக வந்து சாம்பாரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊர். அதைவிட ஆபத்து, யாரைப் பார்த்தாலும் கைகுலுக்கும் ஊர். குலுக்கிய கையை அப்பாவால் விட முடியாது. விடுதிக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளிகள், இவ்வளவு பாசமான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று நெகிழ்ந்துபோனார்கள். ஒரு பெண்மணி அழுதேவிட்டாள். அப்பாவும் அழுவதுபோலத்தான் நின்றார். முகம் அப்படிப் பூட்டிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அப்போது பதினெட்டு. அக்கா ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சி இல்லாத டீச்சர். எந்த நாளும் வேலையை விட்டுப் போகச் சொல்லலாம். மதுரையில் இரண்டு வருஷ ஆசிரியப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒட்டன்சத்திரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர், தவளையை அறுத்துக் காட்டுகிறவர். அவருடைய தாய்மாமா காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருந்தார்.

"மாப்பிள்ளை எப்படியும் இருக்கட்டும். ரெண்டு வருஷம் படிச்சு முடிச்சுட்டுத்தான் கல்யாணம். தட்டு மாத்துறதுக்கு முந்தி இத நானே அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன்" என்றாள் அக்கா.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு பேசுமாடி?" என்றாள் அம்மா. "தட்டு மாத்துனமா, வைகாசியில முடிச்சமான்னு இருக்கணும்."

"அவளே சொல்லட்டும்" என்றார் அப்பா. அதற்குமேல் அவர் பேசியதில்லை, பூட்டு விழாத நாட்களிலும்.

பழனி அடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா சொல்லி அனுப்பினார். அங்கே வெயில். அக்காவின் வாய் அங்கே பத்திரம். மண்டி மாமா சம்மதிக்கவில்லை. "கொடைக்கானல்லயே வச்சுக்குவோம். பொண்ணையும் பாத்தாப்புல இருக்கும், ஏரியையும் பாத்தாப்புல இருக்கும்."

ஒரு வேன் நிறைய வந்தார்கள். முதலில் அருவி, பிறகு ஏரி, படகு, வேர்க்கடலை, தூண்பாறை. எங்கள் வீடு கடைசிக் காட்சி. அதுவரை அக்கா ஈரத் தலையில் பூ வைத்துக்கொண்டு வாசற்கதவருகே பட்டுப் புடவையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். அம்மாதான் வெள்ளனே தலைக்குக் குளிக்கச் சொன்னவள். ஸ்வெட்டர் போட விடாதவளும் அவளே. "ஸ்வெட்டர் போட்டா சங்கிலி தெரியுமாடி?"

வந்தவர்கள் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக வைத்த கணப்புச் சட்டியை அப்பா எப்படியோ தன் நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா காபித் தம்ளரோடு வந்தாள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இமை பாதியில் நின்றிருந்தது. உதடு அசையவில்லை. பூட்டு.

"எந்த கிளாஸ் எடுக்கிறம்மா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அத்தை.

அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு "ம்ம்" வந்தது.

"அடடா, என்ன அடக்கம்! எங்க மூத்த மருமகளும் இருக்காளே, கேக்காமலே பேசுவா."

"எம்பொண்ணு அதிர்ந்து பேசாதுங்க" என்றாள் அம்மா. முந்தின நாள் ராத்திரிவரை அக்காவோடு மல்லுக்கு நின்றவள்.

மாப்பிள்ளை தம்ளரைப் பிடித்தார். அக்காவின் விரல்கள் விடவில்லை. அவர் இழுத்தார், அவள் விடவில்லை. காபி இரண்டு பக்கமும் தளும்பியது. மண்டி மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாரு மாப்ளே, பிடிச்சா விடாது போல! கொடுத்து வச்சவன்டா நீ."

வாய் பேசாது, முகம் மாறாது, கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஜில்லாவில் ஒரு மருமகளிடம் இதற்குமேல் யார் என்ன எதிர்பார்த்தார்கள்? குளிர் ஒரே நாளில் செய்து கொடுத்துவிட்டது.

ஒருவழியாகத் தம்ளரை மீட்ட மாப்பிள்ளை, குடித்த தெம்பில் வகுப்பெடுக்க ஆரம்பித்தார். "நரம்பு, தசை எல்லாம் உப்புச் சமாச்சாரந்தான் மாமா. சோடியம் வெளிய காத்துக்கிட்டு நிக்கும். பொட்டாசியம் உள்ள இருக்கும். சோடியம் உள்ள பாஞ்சா தசைக்கு உத்தரவு. பொட்டாசியம் வெளிய போனா உத்தரவு ரத்து. அதுக்கப்புறம் ஒரு பம்பு ரெண்டையும் பழைய எடத்துக்குக் கொண்டு போயிரும்."

"நம்ம மண்டி மாதிரியா? லாரி உள்ள வர ஒரு கேட்டு, வெளிய போக ஒரு கேட்டு?"

"அதேதான் மாமா."

"உள்ள வர்ற கேட்டச் சாத்த மறந்துட்டா?"

"மறக்காது மாமா. இயற்கையில தப்பே வராது" என்றார் மாப்பிள்ளை, அக்காவை நேராகப் பார்த்தபடி.

பல வருஷம் கழித்து மதுரையில் ஒரு நரம்பு மருத்துவர், என் விரல்களை ஐஸ் தண்ணீரில் வைத்து வேடிக்கை பார்த்துவிட்டு, இது பூட்டு இல்லை, கதவு என்றார். ஒவ்வொரு உயிரணுவின் தோலிலும் எண்ணற்ற வாசல்கள். புத்தகத்தில் அயனி வாய்க்கால் என்று பெயர். சோடியத்துக்கு, பொட்டாசியத்துக்கு, கால்சியத்துக்கு, குளோரைடுக்கு என்று இனவாரியாகத் தனித்தனி. சாதிக்கொரு வாசல் வைக்கும் இந்த ஒரு பாடத்தை மட்டும் நம் ஊர்கள் உயிரணுவிடமிருந்து அப்படியே படித்துக்கொண்டிருக்கின்றன. சில வாசல்கள் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சிலவற்றுக்குச் சிபாரிசு வேண்டும். ஒரு ரசாயனம் வந்து ஒட்டினால்தான் அசையும், நரம்பு தசைக்குச் சேதி சொல்வது அந்த வாசலில். சில, இழுத்தால் அழுத்தினால் திறக்கும். ஒருவர் நம்மைத் தொட்டது நமக்குத் தெரிவது அதனால். கால்சியத்தின் வாசல் இல்லாவிட்டால் இதயம் துடிக்காது. குளோரைடின் வாசல், தசை காரணமில்லாமல் துள்ளாதபடி அடக்கி வைக்கும், வீட்டில் அம்மாவைப் போல.

சோடியத்தின் கதவு திறந்த கணமே தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். எங்கள் வம்சத்தில் அது குளிரில் சோம்பிவிடுகிறது. திறக்கிறது, சாத்த மறக்கிறது. சோடியம் ஒழுகிக்கொண்டே இருக்க, தசை பிடித்ததைப் பிடித்தபடி நிற்கிறது. மண்டி மாமா கேட்டது சரியான கேள்வி. பாவம், பதில் எதிரிலேயே பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றது.

"பேசவேண்டியது ஒண்ணுமில்ல. தட்ட எடுங்க" என்றார் மாமா. "எனக்கு மண்டியில சோலி கெடக்கு. வெரசா மாத்திட்டுக் கெளம்புவோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருப்பேன், எனக்கும் பூட்டு. கையில் பஜ்ஜித் தட்டோடு, ஒரு முழுப் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் புன்னகையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். அக்கா திரும்பி அடுக்களைக்குள் போனாள். கதவிடுக்கில் தெரிந்தது: இட்லிப் பானையின் மூடியைத் தள்ளிவிட்டு முகத்தை ஆவியில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வெக்கம்" என்றாள் அத்தை.

அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். மாமா தன் தட்டைத் தயாராக வைத்துவிட்டு, முதலில் வியாபார வழக்கப்படி கையை நீட்டினார். "சம்பந்தி, கையக் கொடுங்க."

அப்பா கொடுத்தார். விடவில்லை.

மாமா சிரித்தார். குலுக்கினார். மறுபடி சிரித்தார். "சரிங்க சம்பந்தி, சந்தோஷம்." இழுத்தார். அப்பாவின் முகத்தில் ஒன்றுமில்லை, சுவர். "தட்டு மாத்தணுமில்ல, கைய விடுங்க" என்றார். மாப்பிள்ளை எழுந்து ஒரு விரலைப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. தவளையிடம் அவர் பார்க்காத தசை.

"குளிருங்க. கொஞ்ச நேரத்துல விட்டுரும்" என்றாள் அம்மா, வேறு வழியில்லாமல்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. மாமா உட்கார்ந்தார், எழுந்தார். பஜ்ஜியை இடது கையால் தின்றார். அப்போது அக்கா வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கலைந்த பூ.

"நா ஒண்ணு சொல்லணும்" என்றாள். நாக்கு இன்னும் தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைத்தாள். "ஜூன்ல நான் மதுரைக்குப் படிக்கப் போறேன். ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் வேலைக்குப் போவேன். ஒத்துக்கிட்டா தட்டு மாத்துங்க. இல்லேன்னா பஜ்ஜி சாப்புட்டுட்டுப் பத்திரமா எறங்குங்க, சாயங்காலம் பாதையில பனி விழும்."

அவள் முடித்ததும் அப்பாவின் கை திறந்தது.

மாமா விரல்களைத் தேய்த்துக்கொண்டே கிளம்பினார். தட்டு மாறவில்லை. ஒரு வாரத்தில் சேதி வந்தது: பொண்ணு வாயாடியாம்.

வேன் போன பிறகு அம்மா கணப்புச் சட்டியை எடுக்கக் குனிந்தாள். கரி இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"ஏங்க, நெருப்புக்கு மேலயே உக்காந்திருந்தீங்க. ஒங்களுக்கு எப்படிங்க பூட்டு விழுந்துச்சு?"

அப்பா ஆறிப்போன காபித் தம்ளரை இரண்டு விரலால் லேசாக எடுத்தார். குடித்தார். வைத்தார்.

"இன்னிக்குக் கோல்டு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.