எங்கள் எஸ்டேட்டில் மழை குறைந்த கதை

ரீத்தா, சேவியர்... இந்த வாரம் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில், என் பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து கேட்கலாம். கடிதத்தில் என்னை 'மாமா' என்று கூப்பிடுகிற பிள்ளைகளிடம் மறைக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும்போது ரீத்தா கேட்டாள்.

"ஏன்ப்பா எல்லார் முன்னாலயும் எந்திரிச்சீங்க? எங்க டீச்சர் வேற அங்க இருந்தாங்க."

வாயில் சோறு இருந்தது. பதில் சொல்லவில்லை. சோறு மட்டும் காரணம் இல்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

செமிலிங் பக்கம் இருக்கிற எங்கள் எஸ்டேட்டுக்கு அன்றைக்கு ஓர் அரசாங்க அதிகாரி வந்திருந்தார். மலாய்க்கார இளைஞர். பெரிய பிரேம் போட்ட கண்ணாடி. நல்ல மனிதர்தான். வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு கிழவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரமும் நின்றே பேசினார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவரைத் திட்டக் கூடாது.

அவர் வந்தது மலைச்சரிவு விஷயமாக. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் ஜெராய் மலையைப் பார்த்து ஏறுகிற சரிவில், பன்னிரண்டு குடும்பங்கள் காய்கறிக் கொல்லை போட்டிருக்கின்றன. கத்திரி, பாகல், மிளகாய், கொஞ்சம் மரவள்ளி. சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. டவுன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம் – ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் கோப்பையில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகப் போகும். ஆகவே மழை என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அந்த மாதங்களில் லயத்தில் அடுப்பு எரிகிறது என்றால் அது கொல்லையால்தான். காயைப் பறித்து, பஸ் ஏறி, பீடோங் பாசாரில், அதாவது சந்தையில், விற்றுவிட்டு அரிசியோடு திரும்புவார்கள்.

அந்தக் கொல்லைகளைக் காலி செய்ய வேண்டும் என்றார் அதிகாரி. வேலி போட்டு, அரசாங்கம் அங்கே மரக்கன்று நடுமாம்.

ஏன்?

மலையை மொட்டையடித்தால் மழை குறையும். மழை குறைந்தால் வெயில் ஏறும். இங்கே மட்டும் இல்லை, உலகம் முழுக்கவே சூடாகிக்கொண்டு வருகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்... இப்படிப் போனது பேச்சு. அவர் மலாயில் சொல்லச் சொல்ல, எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, தமிழில் மாற்றினார். பெரிய கிராணியின் தமிழ் அதிகாரியின் மலாயைவிடக் கஷ்டம்.

அப்புறம் சுவரில் ஒரு சார்ட்டை மாட்டினார்கள். நீலக் கோடு. இடது பக்கம் உயரத்தில் தொடங்கி, வலது பக்கம் போகப் போகச் சறுக்கி இறங்கியது.

"இது வேறு எங்கேயும் அளந்த மழை இல்லை. உங்கள் எஸ்டேட்டிலேயே அளந்தது. பதினான்கு வருடக் கணக்கு. நீங்களே பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். சின்னத்தாயி அக்காதான் முதலில் வாயைத் திறந்தது. புருஷன் இல்லாத மனுஷி. மூன்று பெண்களை அந்தக் கொல்லையை வைத்துத்தான் வளர்க்கிறது.

"மழ கொறஞ்சிருச்சாம்ல. அப்பறம் ஏன்டி போன மாசம் பாதி நாளு எனக்கு வேலையில்ல?"

கூட்டம் சிரித்தது. அக்கா விடவில்லை.

"அந்தப் பக்கம் காட்டையே வழிச்செடுத்து எண்ணெய்ப்பனை போட்டாங்களே, அப்ப மழைக்கு ஒண்ணும் ஆகலையாலா? எங்க கத்திரிச்செடியப் பாத்துத்தான் பயந்து ஓடிருச்சாக்கும்."

பெரிய கிராணி இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அதிகாரி மட்டும் பொறுமையாகச் சொன்னார்: "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, அக்கா. ஆனால் நம்பர் பொய் சொல்லாது."

நம்பர் பொய் சொல்லாது.

ரீத்தா, அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த நம்பர் யார் எழுதியது? நான்.

மழைமானி என்று உங்கள் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும். எங்களுக்கு அது மழை டின். ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் பாதி புதைத்து வைத்த செம்பு டப்பா, மேலே புனல். தினமும் காலை எட்டு மணிக்கு அதில் விழுந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, புத்தகத்தில் எழுத வேண்டும். ஆபீஸ் பியூனாகச் சேர்ந்த நாள் முதல் அது என் வேலை. மாதக் கடைசியில் கிராணி அதை நகல் எடுத்து அரசாங்கத்துக்குத் தபாலில் அனுப்புவார். அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது – நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது சுவரில் தொங்குகிறது.

நான் அந்தக் கோட்டையே பார்த்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முதலில் லேசாகத் தடுமாறுகிற இடம்... அது சேவியர் பிறந்த வருடம். நன்றாக இறங்குகிற இடம்... அந்த வருடம் என்ன? மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆபீஸ் வாசல் ரம்புத்தான் மரம் முதல் தடவை காய்த்த வருடம்.

விரல் விட்டு இன்னொரு தடவை எண்ணினேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், தூறலில் நின்று அளப்பது எனக்குப் பெரிய தொல்லை. குடையைப் பிடித்தால் கண்ணாடியைப் பிடிக்க முடியாது. கண்ணாடியைப் பிடித்தால் சட்டை நனையும். என்ன செய்தேன்? டின்னுக்குப் பக்கத்தில் நாலடி தள்ளி ஒரு ரம்புத்தான் கன்றை நட்டேன். வளர்ந்தால் கிளைக்கு அடியில் நனையாமல் நிற்கலாம் அல்லவா? நல்ல மூளைக்காரன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். மரமும் வஞ்சகம் இல்லாமல் வளர்ந்தது. நான் நனையவில்லை. டின்னும் நனையவில்லை.

சார்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது மழை இல்லை பிள்ளைகளே. ஏறிக்கொண்டிருந்தது என் மரம்.

உடனே எழுந்தேன் என்று நினைக்காதீர்கள். எழவில்லை. பக்கத்தில் பெரிய கிராணி. எதிரே டீச்சர், என் மகள், ஊர். பியூன் வேலை போனால் வேறு எங்கே போவது? தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

அப்போது எனக்குப் பின்னால் சின்னத்தாயி அக்காவின் குரல். கேலி போயிருந்தது. மெல்லப் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது: "செடியையாவது பிடுங்கிக்கிட்டுப் போவ விடுவாங்களா?"

எழுந்துவிட்டேன்.

"துவான், அந்த மழைய அளந்தது நான்தான்" என்றேன், எனக்குத் தெரிந்த பாசார் மலாயில். "அது தப்பு."

பெரிய கிராணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அந்தோணி, உக்காருய்யா. வேலைக்கு ஒலை வச்சுக்காதே."

உட்கார்ந்தால் மறுபடியும் எழ மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நின்றுகொண்டே மரக் கதை முழுவதையும் சொன்னேன். மழைக்குப் பதில் மரம், மரத்துக்குப் பதில் மழை என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "வாருங்கள், போய்ப் பார்ப்போம்" என்றார்.

ஆஹா, அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிகாரி முன்னால், நான் பக்கத்தில், பின்னால் எஸ்டேட்டே திரண்டு வருகிறது. அவர் புல்லில் மண்டியிட்டு, டின்னோடு தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, டின் பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தேன். வானம் இல்லை. இலை. நடுவில் சிவப்புச் சிவப்பாகக் குலை.

அவர் சிரிக்கவில்லை. எந்த வருடம் நட்டது, எப்போது இந்த உயரம் வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "ஆனால் மற்ற எஸ்டேட்களிலும் மழை குறைந்துதான் இருக்கிறது" என்றார்.

வெட்டுக்காரர்களை மேய்க்கிற தண்டல் முனியாண்டி அண்ணன் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "அங்கயும் நம்மள மாதிரி ஒருத்தன்தானலா அளக்கிறான். அவன் என்ன மரம் நட்டானோ."

இதை மொழிபெயர்த்ததும்தான் அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு, எழுதியதை மறுபடியும் ஒரு தடவை படித்தார். அப்புறம் சொன்னார் – டின்னை வெட்டவெளிக்கு மாற்ற வேண்டும், புதிதாக அளக்க வேண்டும், மேலதிகாரிக்கு எழுதப்போகிறேன், பதில் வருகிற வரைக்கும் சரிவில் வேலி வராது.

வேலி வராது. அந்த இரண்டு வார்த்தைக்குக் கூட்டத்தில் எழுந்த சத்தம் பீடோங் வரைக்கும் கேட்டிருக்கும்.

சின்னத்தாயி அக்கா என் பக்கத்தில் வந்தது. நன்றி சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

"எங்க மழையில பாதிய ஒன் ரம்புத்தானே குடிச்சிருக்கு தம்பி. பழத்தையாவது இனிமே ஒழுங்கா பங்கு வையிலா."

இதற்காகத்தான் ரீத்தா, உன் அப்பன் எழுந்தான்.

உலகம் சூடாகிறது என்கிறார்கள். ஆகலாம். மழை குறைந்திருக்கலாம், குறையாமலும் இருக்கலாம். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் சார்ட்டோடு வரும்போது பயப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். யார் அளந்தது? எங்கே வைத்து அளந்தது? தலைக்கு மேலே என்ன இருந்தது? கேட்டால் அறிவாளி கோபிக்க மாட்டார். அந்த இளைஞர் கோபிக்கவில்லையே. பன்னிரண்டு அடுப்பை அணைக்கிறதற்கு முன்னால், ஒரு தடவை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் தப்பா?

இத்தோடு முடித்திருந்தால் நான் கதாநாயகன். முடிக்க மனம் வரவில்லை.

மரத்தைப் பற்றித்தான் சபையில் சொன்னேன். இன்னொன்றைச் சொல்லவில்லை. அடை மழைக் காலையில், பால் வெட்டு இல்லையென்று எல்லோரும் ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருப்பார்கள். கையில் சுடச்சுடக் கோப்பி, வாயில் ஊர்க்கதை. அந்த நாட்களில் டின் வரைக்கும் யார் போவது? வாசல் கால்வாயை எட்டிப் பார்ப்பேன். விளிம்பு வரை ஓடினால் ஒரு நம்பர், பாதி ஓடினால் ஒரு நம்பர். அவையும்தான் தபாலில் போயின. ஊரார் நம்பரைச் சந்தேகப்படு என்று உங்களுக்குச் சொல்கிறவன், தன் கையெழுத்தை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்களை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினேனே, அப்போது ஆபீசுக்குத்தான் போனேன். ஆபீசைக் கூட்டித் துடைக்கிறவன் நான் என்பதால் சாவி என்னிடம் இருக்கிறது. மழைப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கால்வாயைப் பார்த்து எழுதியதாக நினைவு வந்த ஒவ்வொரு நாளுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். நினைவு வராத நாட்களுக்கும் போட்டேன். முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பிறகு அத்தனை புத்தகங்களையும் பெரிய கிராணியின் மேசையில் திறந்தபடியே வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.