துடைத்து வைத்த சந்தை

கணினிக்குள் புதுக்கோட்டையைக் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தபோது ஆத்தா கேட்ட முதல் கேள்வி, "இருக்கிற ஊரு பத்தலையாக்கும்?" என்பதுதான். டிஜிட்டல் இரட்டை என்றால் என்னவென்று விளக்கினேன். ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுப்போம்; வீதி, கட்டடம், சாக்கடை, குளம் எல்லாவற்றையும் அதே அளவில் திரையில் எழுப்புவோம். எங்கே ரோடு போடலாம், மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும் என்று முதலில் அதில் பார்த்துக்கொள்ளலாம். "நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறப் போய்விட்டாள். புதுக்கோட்டை வாரச்சந்தையில் கருவாடு விற்றுத்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தாள். அரிமளத்திலிருந்து அவள் வராத சந்தை நாள் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ட்ரோன் படத்தில் நடமாடுகிற எதையும் துடைத்துவிட வேண்டும். ஆள், மாடு, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாமே எங்களுக்குப் படத்தைக் கெடுக்கிற இரைச்சல். துடைத்தால்தான் மாடல் சுத்தமாக வரும். வந்தது. ராஜவீதிகள் கோடு கிழித்தாற்போல் நீண்டன. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் தெளிவு. நானே அசந்துபோனேன்.

அப்புறம் ஒரு நாள் ஆபீசில் திட்ட வரைபடத்தை விரித்தார்கள். சந்தைத் திடல் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. அதன்மேல் நீல நிறத்தில் ஒரு கட்டம். பயன்பாட்டில் இல்லாத நிலம், அடுக்குமாடி வாகன நிறுத்தம் வரப்போகிறது என்றார் எங்கள் மேலாளர். சென்னைக்காரர், நல்ல மனுஷர்தான்.

"சார், அது சந்தை."

"மாடல்ல ஒண்ணும் இல்லையேம்மா."

"நாமதான சார் துடைச்சோம்!"

"வாரத்துல ஒரு நாள் வந்து போறதெல்லாம் கணக்குல வராது. நிலையா இருக்கறதைத்தான் காட்டணும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் திடலில் ஒவ்வொரு கடைக்கும் இடம் குறிக்க ஒரு கல் உண்டு. சந்தை முடிந்து எல்லாரும் போனாலும் கல் அங்கேயே கிடக்கும். அடுத்தவர் கல்லை யாரும் நகர்த்தமாட்டார்கள். கடைக்காரர் ஒருவர் செத்துப்போனால், கருமாதி முடிகிற வரை பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்தில் காலைக்கூட நீட்டமாட்டார். துடைக்காத பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கற்கள் வரிசையாக இருந்தன. எங்கள் மென்பொருள் அவற்றையும் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தது.

கற்களைத் திரும்ப மாடலில் வைத்தேன். எங்கள் ட்ரோன் ஒரு சந்தை நாளிலும் பறந்திருந்தது. அன்றைய தார்ப்பாய், குடை, கூடை, ஆட்கள் எல்லாவற்றையும் கற்களுக்கு மேலே ஏற்றினேன். மேலாளர் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லெல்லாம் எதுக்கு? எடுத்துடுங்க" என்றார்.

"நிலையா இருக்கறதைக் காட்டணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? கல்லு நகராது. எடுக்கணும்னா நீங்களே எடுத்துக்கங்க, நான் எடுக்கமாட்டேன்."

அவர் எடுக்கவில்லை. ஆனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். எந்த நாள்? சந்தை நாள், காலை பதினொரு மணி. வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்குக் கோபம் ஒன்றுதான்.

கூட்டத்தில் திரையை இயக்குவது என் வேலை. வந்தவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டை முதலில் தேடினார்கள். தேடட்டும், எனக்கும் அந்த ஆசை உண்டு. சந்தையிலிருந்து ஒரு ஆள் இல்லை. வியாபாரத்தைப் போட்டுவிட்டு யார் வருவார்கள்? திரையை என்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு நடந்தேன். பாதி வழியில் போன்.

"மீட்டிங்கை விட்டுட்டு எங்க போறீங்க?"

"மீட்டிங்குக்குத்தான் சார் போறேன்" என்று வைத்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

ஆத்தா நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். ஈ விரட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, அந்தச் செவப்புக் கொடை நம்மளுதுதானே?"

"ஆமாத்தா. அதுக்குக் கீழ நீ இருக்கே."

"அங்கிட்டு இருக்கிறது?"

"பூண்டுக்கடை அக்கா. ஆத்தா, இந்த எடத்துல கார் நிறுத்தக் கட்டடம் வருதாம். ஒன் கருத்து என்னன்னு கேக்குறாங்க. சொல்லு, இதுலயே அடிச்சுக்கிறேன்."

ஆத்தா கத்தவில்லை. கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

"நான் எந்திரிக்கமாட்டேன்னு போடு."

"அவ்வளவுதானா?"

"வேற என்னத்தச் சொல்ல? ஒக்காந்திருக்கிற எடத்துக்குக் காரணம் வேற சொல்லணுமா?"

பூண்டுக்கடை அக்கா கூடையைத் தாண்டி வந்து, "எனக்கும் அதையே போடுத்தா" என்றாள். அடுத்து வெற்றிலைக்காரர். அப்புறம் வளையல்காரம்மா. வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். இலக்கணம் பார்க்கவில்லை, நாகரிகமாக மாற்றி எழுதவில்லை. அவர்கள் சொன்னது சொன்னபடி, ஆளுக்கொரு பதிவாக, அங்கிருந்தே கருத்துக்கேட்புக்கு அனுப்பினேன்.

திட்டத்தை இன்னும் கைவிடவில்லை. என் ஆத்தாவும் இன்னும் எழுந்திருக்கவில்லை.