மழைக்கு அழியாத அம்மன்

எங்கள் அண்ணன் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். சிறுவயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் வளர்ந்தார். அங்கேயே கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்தார். தேயிலை விலை விழுந்தபோது பேக்டரியை மூடினார்கள். வீட்டில் அண்ணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு அம்மன் படம் வரைந்து பழகிய கையை நம்பி அண்ணன் கடைவீதிக்குப் போனார்.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தம் வாசல் நடைபாதையில் வரைய இடம் கொடுத்தார். கேட்டது ஒன்றுதான்.

“மழ வந்தா போயிருமல்லங்க?”

“போயிரும் மொதலாளி.”

“அப்பப் போடுங்க.”

காலையில் வரைந்த அம்மன், தட்டில் காசு விழும் முன்பே சாக்கடையில் ஓடினாள். அண்ணன் சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து வரைந்தார். நிறம் பிடித்தது, எறும்பும் பிடித்தது. அரிசிக் கஞ்சி பூசினார், நாய் நக்கிவிட்டது. கடைசியில், மரவேலை செய்யும் நண்பர் தந்த மிச்ச வார்னிஷைத் துடைப்பத்தால் படத்தின்மேல் தெளித்தார். அம்மனின் மஞ்சள் முகம் சற்றுக் கறுத்தது. ஆனால் விடிய விடியப் பெய்த மழையில் ஒரு கோடும் அழியவில்லை.

மறுநாள் சாமியை மிதித்துக் கடைக்குள் ஏற ஒருவரும் துணியவில்லை. செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

“ஏனுங்க, நான் துணி விக்கறதா, உண்டியல் வெக்கறதா?”

“வெறும் சாக்பீஸுதானே மொதலாளி. மிதிச்சிட்டு வரச் சொல்லுங்க.”

“நீங்க மொதல்ல மிதிங்க, பாக்கலாம்.”

அண்ணன் காலைத் தூக்கவில்லை.

“அம்மனுக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாருங்க” என்றார் கூட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் வந்தன. தூறலில் முழங்காலிட்டு, பாதத்தில் தொடங்கி முகம்வரை அண்ணனே தேய்த்து அழித்தார்.

“நாளைக்கு மயிலு போடுறேன் மொதலாளி.”

“மயிலும் வேண்டாங்க, குயிலும் வேண்டாங்க. கெளம்புங்க.”

அதன்பின் அந்த வீதியில் யாரும் அவருக்கு இடம் தரவில்லை. காய்கறி மண்டியில் நனைந்த மூட்டைகளைச் சுமந்தார். யாரையும் கடிந்து பேசியறியாத அண்ணன், அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் காலமானார்.

கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட நர்சுகளுக்கும், பாடை கட்டித் தந்த மரவேலை நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதி ஊர்வலம் கடைவீதி வழியே வந்தபோது ஷட்டரை இறக்கி மரியாதை செய்த ஜவுளிக்கடைக்காரருக்கும் நன்றி. அண்ணனால் அவருடைய வியாபாரம் நின்றது அது இரண்டாவது முறை.